பாகவதர் வீழ்ந்தாரா, வீழ்த்தப்பட்டாரா? ஒரு பழைய வழக்கும் ஓயாத வாதங்களும்

1944 தீபாவளிக்கு ‘ஹரிதாஸ்’ வெளிவந்தபோது தமிழ்த் திரையில் எம்.கே. தியாகராஜ பாகவதருக்கு நிகராக இன்னொருவரைச் சொல்வது கடினம். அடுத்த இரண்டு தீபாவளிகளையும் கடந்து அந்தப் படம் சென்னை பிராட்வே திரையரங்கில் ஓடியது. பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1959 நவம்பர் 1 அன்று, அவர் சென்னை அரசு பொது மருத்துவமனையில் இறந்தார். வயது ஐம்பதைத் தொடவில்லை. இந்த இரண்டு தேதிகளுக்கும் இடையில் நடந்தது என்ன என்ற கேள்விக்கு ரசிகர்களும் குடும்பத்தாரும் திரைப்பட வரலாற்றாசிரியர்களும் இன்றுவரை விடை சொல்லிவருகிறார்கள். விடைகள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை.

கேள்வி பழையது, சூடு ஆறவில்லை. 2025 நவம்பரில் ‘காந்தா’ திரைப்படம் வெளிவரும் நேரத்தில், அதன் நாயகன் பாகவதரை நினைவூட்டும் வகையில் படைக்கப்பட்டிருக்கிறான், அது தம் தாத்தாவின் பெயருக்குக் களங்கம் என்று பேரன் ஒருவர் சென்னை உரிமையியல் நீதிமன்றத்தை நாடினார். தாங்கள் எடுத்தது வாழ்க்கை வரலாறு அன்று, கற்பனைக் கதை என்பது படக்குழுவின் நிலைப்பாடு. பாகவதரின் பாட்டை நேரில் கேட்ட தலைமுறை ஏறக்குறைய மறைந்துவிட்ட பிறகும் அவர் பெயருக்காக நீதிமன்றப் படியேற ஆள் இருக்கிறது.

இந்த வாதங்களில் மூன்று தனித்தனிக் கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. கொலை வழக்கொன்றில் சிக்கிய அவர் குற்றவாளியா? அவருடைய திரைவாழ்வு ஏன் சரிந்தது? கடைசி நாட்களில் அவர் வறுமையில் வாடினாரா? ஒன்றுக்குக் கிடைத்த விடையை மற்றொன்றுக்குச் சான்றாக வைப்பதால்தான் குழப்பம் பெருகுகிறது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

வழக்கு சொன்னதும் சொல்லாததும்

1910-ல் மாயவரத்தில் பொற்கொல்லர் குடும்பத்தில் பிறந்து திருச்சியில் வளர்ந்தவர் பாகவதர். எஃப்.ஜி. நடேசய்யர் நடத்திய ரசிக ரஞ்சன சபாவின் ‘அரிச்சந்திரா’ நாடகத்தில் லோகிதாசனாக மேடையேறினார். 1934-ல் கே. சுப்ரமணியம் இயக்கிய ‘பவளக்கொடி’ அவரைத் திரைக்குக் கொண்டுவந்தது. ‘சிந்தாமணி’, ‘அம்பிகாபதி’ (இரண்டும் 1937), ‘திருநீலகண்டர்’, ‘அசோக்குமார்’, ‘சிவகவி’ என்று வெற்றிகள் தொடர்ந்தன. ஆண்கள் ‘பாகவதர் கிராப்’ வைத்துக்கொண்ட காலம் அது.

அதே காலத்தில் திரைத்துறையினரின் அந்தரங்க வாழ்வைப் பற்றி எழுதிப் பரபரப்பூட்டிய பத்திரிகையாளர் சி.என். லட்சுமிகாந்தன். அவருடைய ‘சினிமா தூது’ இதழின் உரிமத்தை ரத்துசெய்யக் கோரி பாகவதர், ‘கலைவாணர்’ எனப்பட்ட நகைச்சுவை நடிகர் என்.எஸ். கிருஷ்ணன், இயக்குநர் ஸ்ரீராமுலு நாயுடு ஆகிய மூவரும் ஆளுநர் ஆர்தர் ஹோப்பிடம் மனுக் கொடுத்தார்கள். இதழ் நின்றது. லட்சுமிகாந்தன் ‘இந்து நேசன்’ இதழைக் கையில் எடுத்து அதே பாணியைத் தொடர்ந்தார். 1944 நவம்பர் 8 அன்று வேப்பேரியில் ரிக்‌ஷாவில் சென்றுகொண்டிருந்தவரைச் சிலர் கத்தியால் குத்தினர். மறுநாள் அவர் மருத்துவமனையில் இறந்தார்.

டிசம்பர் இறுதியில் பாகவதரும் கிருஷ்ணனும் கைதானார்கள். நீதிபதி மாக்கெட் முன்னிலையில் ஜூரி விசாரணை நடந்தது. ஒன்பது பேர் கொண்ட ஜூரியில் ஆறு பேர் குற்றவாளிகள் என்றனர், மூவர் உடன்படவில்லை. 1945 மே மாதம் இருவருக்கும் ஆயுள்காலத் தீவாந்தரத் தண்டனை விதிக்கப்பட்டது. ஸ்ரீராமுலு நாயுடு விடுவிக்கப்பட்டார். சென்னை உயர் நீதிமன்றத்தில் செய்த மேல்முறையீடு தோற்றது. அடுத்து வழக்கு லண்டனின் பிரிவி கவுன்சிலுக்குப் போனது. பிரிவி கவுன்சில் தானே யாரையும் விடுதலை செய்யவில்லை. மேல்முறையீட்டை மீண்டும் விசாரிக்கும்படி சென்னைக்கே திருப்பி அனுப்பியது. வி.எல். எத்திராஜ் வாதாடிய அந்த மறுவிசாரணையின் முடிவில், 1947 ஏப்ரலில், இருவரும் குற்றமற்றவர்கள் என்று விடுதலையானார்கள்.

எனவே முதல் கேள்விக்குச் சட்டம் விடை சொல்லிவிட்டது. பாகவதர் குற்றவாளி அல்லர். ஆனால் கொன்றது யார் என்ற கேள்விக்கு எந்த நீதிமன்றமும் விடை தரவில்லை. ரசிகர்களின் ஆற்றாமைக்கு ஊற்றுக்கண் இந்த வெற்றிடம்தான். உண்மைக் குற்றவாளி பிடிபட்டிருந்தால் சந்தேகத்தின் நிழல் முற்றாக விலகியிருக்கும். அது நடக்காததால், விடுதலைக்குப் பிறகும் அவரைக் காப்பாற்ற வேண்டிய தேவை இருந்துகொண்டே இருந்தது. மைக்கேல் ஜாக்சனை 2005-ல் ஜூரி விடுவித்த பிறகும், 2009-ல் அவர் இறந்த பிறகும் அவருடைய ரசிகர்கள் அந்தத் தீர்ப்பை ஏந்திக்கொண்டு வாதாடிவருவதை இதனோடு ஒப்பிடலாம். நீதிமன்றம் கோப்பை மூடுகிறது, ஊர்வாய் மூடுவதில்லை.

இந்தத் தற்காப்புக்கு ஒரு விலையும் உண்டு. பாகவதரைத் தூக்கிப்பிடிக்கும் எழுத்துகள் பெரும்பாலானவற்றில் லட்சுமிகாந்தன் வெறும் மஞ்சள் பத்திரிகைக்காரர். மிரட்டிப் பணம் பறித்தவர். அவர் எழுதியவற்றைப் படித்தால் இரக்கம் தோன்றுவது அரிதாக இருக்கலாம். ஆயினும் பட்டப்பகலில் கொல்லப்பட்டு நீதி கிடைக்காமல் போனவரும் அவர்தான். இரண்டு மனிதர்களுக்கும் ஒரே சமயத்தில் நியாயம் வழங்கும் எழுத்து மிகக் குறைவு.

தீவாந்தரத் தண்டனையும் அந்தமானும்

வழக்கின் கதை அந்தமானை இரண்டு இடங்களில் தொடுகிறது. லட்சுமிகாந்தன் முன்பு மோசடி ஆவணக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டவர். அந்தத் தண்டனையின் ஒரு பகுதியை அந்தமானில் கழித்தார் என்றும், ஜப்பானியப் படையெடுப்பை ஒட்டிச் சென்னை திரும்பினார் என்றும் வழக்கைப் பற்றி எழுதியோர் கூறுவர். இரண்டாவது, பாகவதருக்கு விதிக்கப்பட்ட தண்டனை. ‘தீவாந்தரம்’ என்று கேட்டதும் தமிழர் மனத்தில் எழுவது போர்ட் பிளேர் செல்லுலார் சிறை. 1906-ல் கட்டி முடிக்கப்பட்ட அந்தத் தனிக்கொட்டடிகளின் பெயரே அச்சம் தருவதாக இருந்தது.

நடந்தது வேறு. அந்தமானில் அடைபட்டிருந்த அரசியல் கைதிகள் 1937 உண்ணாவிரதப் போராட்டத்துக்குப் பிறகு 1938 தொடக்கத்துக்குள் தாய்நிலச் சிறைகளுக்குத் திருப்பி அனுப்பப்பட்டுவிட்டனர். 1942 மார்ச் 23 அன்று ஜப்பானியப் படை போர்ட் பிளேரில் இறங்கியது. பாகவதருக்குத் தீர்ப்பு எழுதப்பட்ட 1945 மே மாதத்தில் தீவுகள் ஜப்பானியர் கையில் இருந்தன. பிரிட்டிஷார் மீண்டும் வந்தது அந்த ஆண்டு அக்டோபரில்தான். அதோடு தண்டனைக் குடியேற்றமும் முடிவுக்கு வந்தது. ஆக, நீதிபதி எழுதிய தண்டனையை நிறைவேற்ற அவருடைய அரசின் வசம் தீவே இல்லை. பாகவதரும் கிருஷ்ணனும் தாய்நிலச் சிறையிலேயே இருந்தார்கள். தீவாந்தரம் என்ற தண்டனைப் பெயர் இந்தியச் சட்டத்திலிருந்து நீங்கி ஆயுள் தண்டனையாக மாறியது 1956 ஜனவரி முதல்.

இது வெறும் தகவல் திருத்தம் அன்று. அந்தமான் என்ற சொல் விடுதலைப் போராட்டத் தியாகத்தோடு இணைந்தது. அந்தத் தண்டனைப் பெயரைச் சுமந்ததால், பாகவதரின் சிறைவாசத்துக்கும் ரசிகர் நினைவில் ஒரு தியாகச் சாயல் படிந்தது; வெள்ளைக்கார அரசு வேண்டுமென்றே பழிவாங்கியது என்ற பேச்சுக்கு அது தோதானது. ஆனால் அவர் யுத்த நிதிக்காகக் கச்சேரி செய்தவர். அவரை எதிரியாக நினைக்க அந்த அரசுக்குத் தெளிவான காரணம் ஏதும் இருந்ததாகத் தெரியவில்லை. துறைக்குள் இருந்த போட்டியாளர்களின் சதி என்று சொல்வோரும் உண்டு. இரண்டுமே ஊகத்தைத் தாண்டவில்லை.

முதல் விடை: சிறை கெடுத்தது

இரண்டாம் கேள்வியான திரைவாழ்வின் சரிவுக்கு ரசிகர்கள் சொல்லும் விடை எளிமையானது. இரண்டு ஆண்டுக்கும் மேலான சிறைவாசம் அவரை ஒடித்துவிட்டது. இந்த வாதத்துக்கு வலு இல்லாமல் இல்லை. கைதாகும்போது பல படங்களுக்கு அவர் ஒப்பந்தமாகியிருந்தார். அவை கைநழுவின. ஜூபிடர் நிறுவனத்தின் ‘ஸ்ரீமுருகன்’ ஹொன்னப்ப பாகவதருக்குப் போனது; ‘உதயணன் வாசவதத்தா’ ஜி.என். பாலசுப்ரமணியத்துக்குப் போனது. சம்பாதித்ததில் பெரும்பகுதியை வழக்கு விழுங்கியது. உடலும் தளர்ந்தது.

ஆனால் இரண்டு உண்மைகள் இந்த விடையைக் கேள்விக்குள்ளாக்குகின்றன. முதலாவது ‘ஹரிதாஸ்’. அவர் கைதானபோதும், விசாரணை நடந்தபோதும், தண்டனை பெற்றுச் சிறையில் இருந்தபோதும் அந்தப் படத்துக்குக் கூட்டம் குறையவில்லை. கொலைப்பழி மட்டுமே ரசிகர்களை விரட்டியது என்றால் இதை விளக்க முடியாது. இதற்கும் ஒரு மறுப்பு உண்டு. போர்க்காலத்தில் கச்சாப் பிலிமுக்குத் தட்டுப்பாடு. படத்தின் நீளம் 11,000 அடியைத் தாண்டக் கூடாது என்ற கட்டுப்பாடும் இருந்தது. புதுப்படங்கள் குறைவாக வந்த நாட்களில் ஓடும் படம் நீண்ட நாள் ஓடியதில் வியப்பில்லை. ஆகவே ‘ஹரிதாஸ்’ ஓட்டத்தை அன்புக்கு மட்டுமே அளவுகோலாகக் கொள்வதும் சரியாகாது.

இரண்டாவது உண்மை என்.எஸ். கிருஷ்ணன். அதே வழக்கு, அதே தீர்ப்பு, அதே விடுதலை. சிறையிலிருந்து வந்த கலைவாணர் 1949-ல் ‘நல்லதம்பி’, 1951-ல் ‘மணமகள்’, 1952-ல் ‘பணம்’ என்று நடிப்பும் தயாரிப்பும் இயக்கமுமாக மீண்டெழுந்தார். சிறை இருவருக்கும் பொது; சரிவு ஒருவருக்கு மட்டும். நகைச்சுவை நடிகர் கறையைச் சிரிப்பால் கடக்கலாம், பக்திப் பாத்திரங்களில் கொண்டாடப்பட்ட நாயகனால் அது முடியாது என்று ரசிகர்கள் பதில் சொல்வதுண்டு. கவனிக்கத் தக்க பதில்தான். ஆனால் அப்படிச் சொல்லும்போதே, சிறையைத் தாண்டி இன்னொரு காரணம் தேவை என்பதை அவர்களும் ஒப்புக்கொள்கிறார்கள்.

இரண்டாம் விடை: காலம் மாறியது

திரைப்பட வரலாறு எழுதுவோர் பலர் சாயும் விடை இது. 1930களின் தமிழ்ப் படம் நாடக மேடையின் வாரிசு. நடிக்கத் தெரிந்தவரைவிடப் பாடத் தெரிந்தவருக்கே அங்கே முதல் இடம். பின்னணிப் பாடல் முறை வேரூன்றியதும் குரலும் முகமும் ஒருவருடையதாகவே இருக்க வேண்டிய கட்டாயம் போய்விட்டது. 1948-ல் ஜெமினியின் ‘சந்திரலேகா’ பிரம்மாண்டத்தைக் காட்டியது. 1949-ல் ‘வேலைக்காரி’, 1952-ல் ‘பராசக்தி’ என்று வசனம் அரியணை ஏறியது. புராணத்தின் இடத்தைச் சமூகமும் பக்தியின் இடத்தைப் பகுத்தறிவும் பிடித்தன. 1948-ல் வந்த பாகவதரின் ‘ராஜமுக்தி’ இந்த வெள்ளத்தில் காணாமல் போனது.

‘அம்பிகாபதி’ இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1937-ல் நடித்ததும் பாடியதும் பாகவதர். இருபது ஆண்டு கழித்து அதே கதை மீண்டும் படமானபோது நடித்தவர் சிவாஜி கணேசன், பாடியவர் டி.எம். சௌந்தரராஜன். ஒருவர் செய்த வேலை இருவருக்குப் பங்கு பிரிந்துவிட்டது. பாகவதர் பாணியில் பாடித் திரைக்கு வந்தவர் சௌந்தரராஜன் என்பது இங்கே நினைவில் கொள்ளத் தக்கது. குரலுக்கு இடம் இருந்தது. குரலும் உருவமும் ஒன்றாய் அமைந்த நாயகனுக்கு இடம் இல்லை. அதே ஆண்டில் பாகவதர் தாமே இயக்கி நடித்த ‘புது வாழ்வு’ தோல்வி கண்டது.

சிறையே காணாத பாடும் நாயகர்களும் இதே காலத்தில் தடுமாறினார்கள். ‘நாம் இருவர்’ புகழ் டி.ஆர். மகாலிங்கம் 1950களில் கடனில் மூழ்கி, 1958-ல் ‘மாலையிட்ட மங்கை’ மூலம் மீண்டு வந்தார். வடக்கே கே.எல். சைகல் 1947 ஜனவரியில் மறைந்ததோடு அங்கும் அந்த மரபு ஒடுங்கத் தொடங்கியது.

இந்த விடைக்கும் ஓட்டை உண்டு. பாகவதருக்குச் சரிசமப் போட்டியாளர் பி.யு. சின்னப்பா. அவர் 1951-ல், முப்பத்தைந்தாம் வயதில் இறந்தார். அவர் இருந்திருந்தால் மாறிய காலத்தில் நிலைத்திருப்பாரா என்பதைச் சோதிக்க வழியில்லாமல் போனது. மகாலிங்கம் மீண்டு வந்ததோ, காலமாற்றம் எல்லோரையும் ஒரேயடியாகப் புரட்டிப்போடவில்லை என்பதையே காட்டுகிறது. மேலும், மாற்றம் மும்முரமாக நடந்த 1945 முதல் 1947 வரையிலான ஆண்டுகளில்தான் பாகவதர் களத்திலேயே இல்லை. வெளியில் இருந்திருந்தால் அவரும் மெல்ல மெல்ல மாறியிருக்கக்கூடும். ஆகவே சிறையையும் காலத்தையும் எதிரெதிர் விடைகளாக நிறுத்துவது பொருந்தாது; மாறிக்கொண்டிருந்த காலம் சிறையில் இருந்தவரை விட்டுவிட்டு நகர்ந்தது என்பதே பொருத்தமாகப் படுகிறது.

மூன்றாம் விடை: அவரே தேர்ந்த வழி

சரிவுக்குப் பாகவதரின் முடிவுகளும் காரணம் என்பது மூன்றாம் விடை. அவர் சொந்தமாகப் படம் எடுத்தார். ‘ராஜமுக்தி’க்காகப் புனே வரை போனார், வசனம் எழுதப் புதுமைப்பித்தனை அழைத்தார். அங்கே காசநோய் முற்றிய புதுமைப்பித்தன் படம் வெளிவருமுன்பே இறந்தார். வி.என். ஜானகி, பானுமதி, எம்.ஜி. ராமச்சந்திரன் என்று வருங்கால நட்சத்திரங்கள் அந்தப் படத்தில் இருந்தும் பலன் இல்லை. எழுத்திலும் நடிகர் தேர்விலும் புதுமைக்குத் துணிந்த படம், கதையில் ராஜா ராணியை விடவில்லை. பிற நடிகர்களுக்குப் பின்னணி பாட அவர் இசையவில்லை என்றும் சொல்லப்படுகிறது.

இதை ரசிகர்கள் வேறு கண்ணால் பார்க்கிறார்கள். பிடிவாதம் என்று விமர்சகர் சொல்வதை அவர்கள் தன்மானம் என்கிறார்கள். சிறைக்குப் பிறகு அவர் பக்தியில் ஆழ்ந்தார், பணத்தில் பற்று விட்டார் என்பது அவர்கள் தீட்டும் சித்திரம். ஒரே செயலுக்கு இரண்டு பெயர். செயலுக்குச் சான்று இருக்கிறது, உள்நோக்கத்துக்கு இல்லை. மனத்துக்குள் இருந்ததை நிறுவும் அளவுக்கு அவர் தம் கைப்பட எழுதியவை பெரிதாகப் புழக்கத்தில் இல்லாததால், இந்த விடை துணைக்காரணமாக மட்டுமே நிற்கும்.

வறுமைக் கதை

மூன்றாம் கேள்விதான் இன்று அதிகம் புண்படுத்துகிறது. தங்கத் தட்டில் சாப்பிட்டவர் கடைசியில் கண் மங்கிக் கோயில் வாசலில் உட்கார்ந்திருக்க, யாரோ பிச்சைக்காரர் என்று நினைத்துக் காசு போட்டார்கள் என்ற கதை பல வடிவங்களில் உலவுகிறது. தங்கத் தட்டும் கோயில் வாசலும் ஒரே கதையின் இரு முனைகள். ஏற்றம் எவ்வளவு உயரமோ வீழ்ச்சி அவ்வளவு ஆழம் என்று காட்டும் அரிச்சந்திரன் கதையின் அச்சு இது. சிறுவயதில் லோகிதாசனாக நடித்தவருக்கு மக்கள் அரிச்சந்திரன் வேடத்தையே கடைசியில் பூட்டிவிட்டார்கள் போலும்.

இந்தக் கதையைக் குடும்பத்தின் ஒரு பகுதி கடுமையாக மறுக்கிறது. 2025 வழக்கின் வாதமும் இதை ஒட்டியே அமைந்தது: அவர் இறுதிவரை கண்ணியத்தோடும் வசதியோடும் வாழ்ந்தார், ஏழையாகவும் பார்வையிழந்தவராகவும் காட்டுவது அவதூறு. மறுபுறம், 2021-ல் வறுமையில் இருந்த இன்னொரு பேரனுக்குத் தமிழ்நாடு அரசு வீடு ஒதுக்கி 5 லட்சம் ரூபாய் உதவியது. பேரன் பட்ட வறுமை தாத்தாவின் வறுமைக்குச் சான்று ஆகாது. அதுபோலவே, சொத்து இருந்தது என்பதால் நெருக்கடியே இல்லை என்றும் ஆகாது. 1944-ல் கிடைத்த வருமானத்தோடு ஒப்பிட்டால் 1950களில் அவருடைய கை சுருங்கியது என்பதில் ஐயமில்லை. பிச்சையெடுக்கும் நிலை என்பது அதிலிருந்து வெகுதூரம். அந்த இடைவெளியைத்தான் கதைகள் நிரப்புகின்றன.

பெயருக்குக் காவல் யார்?

பாகவதரின் பெயரைக் காப்போர் ஒரே அணியினர் அல்லர். குடும்பத்துக்கு அது மானம். விஸ்வகர்மச் சமூகச் சங்கங்களுக்கு அது தம் குலத்தின் பெருமை. திருச்சிக்கு அது ஊரின் பெயர். அவருக்கு அங்கே அரசு மணிமண்டபம் கட்டியிருக்கிறது. எழுத்தாளர் விந்தன் ‘எம்.கே.டி. பாகவதர் கதை’ எழுதினார். ஆங்கிலத்தில் ராண்டார் கை வழக்கைத் திரும்பத் திரும்ப எழுதிப் புதிய தலைமுறைக்கு அறிமுகப்படுத்தினார். பழம்பாடல் ரசிகர்களுக்கோ வழக்கு முக்கியமன்று, இசைத்தட்டுகளே முக்கியம்.

சட்டம் இவர்களுக்குத் தரும் துணை அளவானது. இறந்தவரைப் பற்றிய அவதூறு, குடும்பத்தாரின் மனத்தைப் புண்படுத்தும் நோக்கத்தோடு செய்யப்பட்டால் குற்றமாகலாம் என்பது இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இருந்துவந்த விளக்கம். ஆனால் ஜெயலலிதாவைப் பற்றிய ‘தலைவி’ பட வழக்கில் 2021-ல் சென்னை உயர் நீதிமன்றம், ஒருவர் வாழ்நாளில் ஈட்டிய நற்பெயரும் அந்தரங்க உரிமையும் அவரோடு மறைந்துவிடும், வாரிசுச் சொத்தாக இறங்காது என்று கருதியது. இதே அளவுகோல் நீடித்தால், மறைந்த கலைஞர் ஒருவரின் பெயரைக் காக்கும் பொறுப்பு நீதிமன்றத்திடமிருந்து பொதுவெளிக்கே திரும்பிவிடும்.

புகழின் உள்ளடக்கம் பற்றியும் தெளிவு தேவை. பாகவதர் பாடல்கள் என்று நாம் சொல்பவற்றில் மிகப் பல பாபநாசம் சிவன் எழுதியவை, ஜி. ராமநாதனின் இசையும் அவற்றில் கலந்திருக்கிறது. மதுரை பொன்னு ஐயங்காரிடம் பாகவதர் பெற்ற கர்நாடக இசைப் பயிற்சி அதற்கு அடித்தளம். நாயகனை மட்டும் போற்றும் தற்காப்பில் இவர்கள் பின்னுக்குப் போய்விடுகிறார்கள்.

மதிப்பீடு

இதுவரை கண்டவற்றைத் தொகுத்தால் மூன்று கேள்விகளும் ஒரே அளவுக்குத் திறந்தவை அல்ல. குற்றம் பற்றிய கேள்வி சட்டப்படி முடிந்தது. அதை மீண்டும் கிளறுவோர்தான் புதுச் சான்று காட்ட வேண்டும். சரிவுக்கு ஒற்றைக் காரணம் இல்லை. சிறை பறித்த ஆண்டுகள், பின்னணிப் பாடலும் வசனமும் கொண்டுவந்த மாற்றம், அவருடைய தேர்வுகள் என்ற மூன்றும் சேர்ந்ததே அது. முதல் இரண்டில் எது கனமானது என்பதை இப்போதுள்ள சான்றுகளைக் கொண்டு உறுதியாகச் சொல்ல இயலாது. வறுமை பற்றிய கேள்விக்கு, வாய்மொழிக் கதைகளைவிடச் சொத்துப் பத்திரங்களும் கச்சேரி ஒப்பந்தங்களும் மருத்துவமனைப் பதிவுகளும் பதில் சொல்லக்கூடும். அவை தேடித் தொகுக்கப்படும்வரை இரு தரப்பும் அடக்கி வாசிப்பதே முறை.

ரசிகர்களின் தற்காப்பு வலுவிழப்பது, எல்லாவற்றுக்கும் சதியைக் காரணம் காட்டும்போது. விமர்சகரின் வாதம் வலுவிழப்பது, சிறையை வெறும் தற்செயலாக ஒதுக்கும்போது. பாகவதரின் பதினான்கு படங்களும் நல்ல நிலையில் பார்க்கக் கிடைத்தால், அவர் 1948-க்குப் பிறகு உண்மையிலேயே மங்கினாரா, அல்லது பார்த்தவர்கள்தான் மாறினார்களா என்று நம் கண்ணாலும் காதாலும் ஒப்பிட முடியும். படங்களையும் இசைத்தட்டுகளையும் காப்பதற்கான முயற்சி, மானத்துக்காக நடக்கும் வழக்குகளைவிட அவருடைய பெயருக்கு அதிகம் செய்யும். அந்த வேலை இன்னும் பெரும்பகுதி மிச்சமிருக்கிறது.